இரும்புப் பாலத்து ஆள் குறித்து

எசமான் சமூகத்துக்கு,
புதுச்சேரியிலிருந்து கடலூர் கச்சேரிக்கு.
மார்கழி ஏழு. மூன்றாவது அறிக்கை.

தாங்கள் பார்க்கச் சொன்ன வீடுகளில் விசேஷமில்லை.
இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி தயிர்க்காரி.
ஆனால் பாலத்தில் ஒரு ஆள்.

விடியுமுன், சலங்குகள் தள்ளுமுன்,
சட்டையைக் கழற்றி மடித்து
காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்து
கிரேனின் குறுக்குச் சட்டத்தில் தொங்குகிறான்.
தொங்குகிறான் என்பது சரியில்லை.
கால் மேலே போயிற்று. பிறகு இடுப்பு.
பிறகு ஆள் முழுக்கத் தலைகீழாய் நட்ட கம்பம்.
எண்ணினேன். நூற்றிநாலு வரை ஆடவில்லை.

சமிக்ஞையாக இருக்கலாம்:
கால் சேர்ந்தால் ஒன்று, விரிந்தால் வேறொன்று.
கடலில் அப்போது கப்பல் ஏதுமில்லை.

நான்காவது.
பெயர் ஆர்வோ. மணிலாக்கொட்டை ஏற்ற வந்த
பாய்க்கப்பலின் தச்சன்.
காய்ச்சலோடு இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது.
ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ‘ருஷியன்’ என்று இருந்ததை
நகத்தால் சுரண்டியிருக்கிறான்.
தாள் ஓட்டையாகி, அடியில்
வேறு யாரோ பேதிக்காரனின் பெயர் தெரிகிறது.

சேவகன் மரியசெல்வத்திடம்
கையும் பிரெஞ்சுமாய்ச் சொன்னானாம்:
அவன் ஊரை ருஷியன் ஆள்கிறான்.
லண்டன் பந்தயத்தில் எல்லாத் தேசமும் கொடியோடு நடக்க
இவன் ஆட்கள் வெறுங்கையோடு நடந்தார்களாம்,
அந்தக் கொடியைப் பிடிக்க மாட்டோமென்று.
கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், எசமான்.
என் அபிப்பிராயம் இதில் ஒன்றுமில்லை.

அவன் ஊரில் கடல் கல்லாகிவிடுமாம்.
அதன்மேல் நடந்துதான் கசரத்துக் கூடத்துக்குப் போவானாம்.
பொய் பேசும் பழக்கம் உள்ளவன் என்று குறித்துக்கொள்ளவும்.

ஐந்தாவது.
கொசக்கடைத் தெருவில் ஒரு மெடல் அடகு வைத்தான்.
சேட்டு தராசில் போட்டு, கல்லில் உரசி,
வெறும் வெண்கலம், மூன்று பணம் என்றார்.
இருபத்துச் சொச்சம் பேர் ஒரே மூச்சில் எழும்பி
ஒரே மூச்சில் இறங்கி வாங்கியது என்று
கடை வாசலில் அவன் ஒருவனே
அத்தனை பேராகவும் நின்று காட்டினான்.
மூன்று பணம்தான் கிடைத்தது.

ஆறாவது. (அனுப்பவில்லை.)
நேற்று ராத்திரி பாலத்தில் யாருமில்லை.
நானும் தொங்கிப் பார்த்தேன்.
ஏழு எண்ணுவதற்குள் தோள் கழன்றது.
கீழே தண்ணீர், கறுப்பாக, என் எடையைக் கேட்டுக்கொண்டு.
பின்னாலிருந்து ஒரு கை
என் கட்டைவிரலை மட்டும் பிரித்து
சட்டத்துக்கு அந்தப் பக்கம் மாற்றி வைத்தது.
பதினெட்டு வரை தாங்கினேன்.

இத்தனை நாள் நான் பார்த்ததை
அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.
இறங்கி நின்று, நெஞ்சைத் தொட்டு, ஆர்வோ என்றான்.
நானும் நெஞ்சைத் தொட்டேன்.
சர்க்கார் கொடுத்த பெயரா,
திருப்பாதிரிப்புலியூரில் பெண்டாட்டி கூப்பிடும் பெயரா,
தீர்மானிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏழாவது.
தை மூன்று. மேற்படி ஆள் ரங்கோன் கப்பலில் போய்விட்டான்.
நூலேணியில் கால் படவில்லை,
கையாலேயே ஏறினான். சலங்குக்காரர்கள் கத்தினார்கள்.
சமிக்ஞை ஏதும் இருந்ததாக ருசுவில்லை.

செலவுக் கணக்கு:
பின்தொடர்ந்த படகுக் கூலி, ஆறணா.
அடகு மீட்ட வகையில், வட்டியோடு மூன்றேகால் பணம்.
சாட்சியப் பொருள் என்ற முறையில் மீட்கப்பட்டது.
பொருள் கைவசம் இல்லை.