ஐந்து புள்ளி நான்கு

மைனஸ் முப்பத்திரண்டு.
உலான்பாத்தரில் ஷட்டர்கூடக் கதவோடு ஒட்டிக்கொள்ளும் காலை.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த வெள்ளை ஹைப்ரிட்
உள்ளே வந்து நின்றது,
கோம்போசூரேனின் கால் வெளியே இருக்க
பின்விளக்கு இரண்டும் சிவந்தபடி.

"விடியலில் சூடேற்ற ஓடவிட்டால் தானாய் எரிகிறது.
எதிர்வீட்டுக்காரி கனத்த திரைச்சீலைக்குக் காசு கேட்கிறாள்.
பிரேக் சில நேரம் தொடுமுன்னே கவ்வுகிறது.
மூன்று கடை. மூன்று சென்சார்."
கழற்றிய ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்
பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல.

ஸ்கேனரும் அதையே சொன்னது:
பெடலின் சேதி நம்பத்தக்கதல்ல.
நம்பத்தக்கதல்ல என்பதற்கும் பொய் என்பதற்கும்
நடுவில் இருக்கிறது என் சாப்பாடு.

பெடலின் கழுத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி.
நான்கு கம்பி.
ஒன்று ஐந்து வோல்ட்டைக் கொண்டுவரும். ஒன்று எர்த்.
மற்ற இரண்டும் ஒரே காலைப் பற்றி
எதிரெதிராய்ச் சாட்சி சொல்லும்.
இது ஏற அது இறங்கும்,
கூட்டினால் எப்போதும் ஐந்து.
பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி
வீட்டுச் செலவை மட்டும் சரியாக எழுதிவைப்பதுபோல.

மீட்டரை வைத்தேன்.
0.9. 4.1.
மிதிக்கச் சொன்னேன்.
2.3. 2.7.
கம்பியை ஆட்டினேன், முறுக்கினேன்,
கேட்ட கேள்வியையே ஒரு மணி நேரம் கேட்டேன்.
ஐந்து. ஐந்து.
பின்விளக்கு எப்போதோ அணைந்திருந்தது,
இருவருமே கவனிக்கவில்லை.
அடுப்பில் நிலக்கரி. கூரைத் தகரம் வியர்த்துச் சொட்டியது.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட குழந்தையாய்
நின்றது கார்.

"அங்கேயும் இப்படித்தான்" என்றார்,
கிட்டத்தட்டத் திருப்தியோடு.

எழுந்துபோய் ஷட்டரை முழுக்கத் தூக்கினேன்.
நான்கு கதவையும் திறந்துவைத்தேன்.
"பைத்தியமா உனக்கு?"
பாக்கி கேட்டு வந்தவன் மாதிரி
கேட்காமல் உள்ளே புகுந்தது குளிர்.
நாற்பது நிமிடம்.
எனக்குக் காது இருந்ததே மறந்த பிறகு
1.24. 4.17.

ஐந்து புள்ளி நான்கு!

இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன.
அப்படியென்றால் பொய் சாட்சியில் இல்லை,
சாட்சி நிற்கும் தரையில்.
ஒரு முனையை எர்த் கம்பியில் வைத்தேன்,
மறு முனையை பேட்டரியின் மைனஸில்.
ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில்
0.41.

கம்பளத்தை உரித்துக்கொண்டே போனேன்.
வலக் கதவோரம், கறுப்புக் கம்பிகள் கூடும் கனெக்டர்.
பிரித்தால், பச்சை பூத்த பின்கள்.
சூட்டில் எப்படியோ தொட்டுக்கொள்கின்றன,
குளிரில் சுருங்கி விலகுகின்றன.
விரல் நகத்தில் சுரண்டி முகர்ந்தேன்.
புளிப்பு.

"இங்கே என்ன கொட்டினீர்கள்?"
"ஒன்றுமில்லையே."

விரலை அவர் மூக்கருகே நீட்டினேன்.

"ஆகஸ்ட்டில்" என்றார்.
"புல்கானிலிருந்து மைத்துனன் கல்யாணத்துக்கு
இருபது லிட்டர் அய்ராக், நீலக் கேனில்.
தார்ச்சாலையில் குறுக்கே ஒரு குதிரைக்குட்டி.
உயிரைக் கொடுத்து மிதித்தேன்.
குட்டி தப்பியது.
கேன் முன்சீட்டுக்குப் பறந்து வந்து வெடித்தது."
குரலைத் தாழ்த்தினார்.
"வீட்டில், வழியில் விற்றேன் என்று சொல்லியிருக்கிறேன்."

குட்டி குடிக்க வேண்டிய பால்,
குட்டிக்காகவே கொட்டி,
நான்கு மாதம் இருட்டில் தாமிரத்தைத் தின்றிருக்கிறது.

வெட்டினேன். ஒரு சாண் புதுக் கம்பி.
பற்றவைத்து, உறை சுருக்கி, மெழுகு பூசி,
ஷட்டரை மூடாமலே மறுபடி அளந்தேன்.
5.00.

"அப்போ அந்த மூன்று சென்சார்?"
"மூன்றும் நல்லவை."

நெடுநேரம் அவர் இறங்கவில்லை.
மிதித்துப் பார்த்தார், விட்டார், மிதித்தார்.
வாசல் பனி சிவந்தது, வெளுத்தது, சிவந்தது.
பில்லில் என்ன எழுதுவதென்று பேனாவைக் கடித்தேன்.
விரலில் இன்னும் போகவில்லை
யார் கல்யாணத்துக்கோ கிளம்பிய அந்த வாசனை.