கடல் இல்லாத ஏர்வாடி

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் கேட்டு மனு.
பதினோராவது கட்டம்: மக்கள்தொகை.
ஏர்வாடி என்று தட்டினேன்.
வந்து நின்றது ஒரு தொகை,
கமா போட்ட அரசாங்க மிடுக்கோடு.
எடுத்து ஒட்டிவிட்டேன்.

எதிர் நாற்காலியில் செய்யதம்மாள்,
பாசி எடுக்கும் சங்கத்தின் பொருளாளர்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் காயவில்லை.
'அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு?'
வாசித்தேன்.
பயிரிடுவோர் இத்தனை.
விவசாயக் கூலிகள் இத்தனை.
'கடல்ல இறங்குறவங்க?'
'அவர்கள் மற்றவர்கள் என்பதில் வருவார்கள்.'
அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.
பிறகு கேட்டாள்:
'நம்மூர்ல நெல்லு எங்க விளையுது,
மணல்லயா?'

பக்கத்தை மேலே இழுத்தேன்.
மாவட்டம்: திருநெல்வேலி.

நம்பியாறு ஓடும் ஏர்வாடி.
கச்சான் காற்று மலை இறங்கி வரும் ஏர்வாடி.
அங்கேயும் பள்ளிவாசல் இருக்கும்,
அங்கேயும் ஒரு செய்யதம்மாள் இருப்பாள்,
வாழைக்கு மடை திருப்பிக்கொண்டு.
எங்கள் தாகத்துக்கு
அவள் தலையை எண்ணிக் கொடுக்க இருந்தேன்.

சரி, ராமநாதபுரம் என்று சேர்த்துத் தேடினால்
கோயம்புத்தூருக்குள் ஒரு ராமநாதபுரம்
பஸ் ஸ்டாப்போடு வந்து நிற்கிறது.
மாவட்டம், தாலுகா, நகரம்
மூன்றுக்கும் அதே பெயர்;
ஒரே சட்டையை மாற்றிப் போடும் அண்ணன் தம்பிகள்,
எவன் கடன் வாங்கினான் என்று யாருக்குத் தெரியும்?

பழைய ஏட்டையும் பார்ப்போமே என்று போனேன்.
எண்பத்தொன்றுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவே
மாவட்டத்தில் பாதிக்கு மேல் ஆளைக் காணோம்.
ஒரு நிமிடம் நிஜமாகவே பயந்தேன்.
புயலா? கொள்ளைநோயா?
இல்லை.
சிவகங்கை ஒரு பக்கம், விருதுநகர் ஒரு பக்கம்
பிரிந்து போயிருந்தன.
ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை,
கோடுதான் எழுந்து நடந்திருக்கிறது.

ஒருவழியாக எங்கள் ஏர்வாடி கிடைத்தது.
சிப்பித்துறை கிடைக்கவில்லை.
கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டேன்.
'அது தனிக் கிராமம் இல்லைங்க, குடியிருப்பு.
பக்கத்துக் கிராமக் கணக்குல கரைஞ்சிருக்கும்.'

கரைந்தது உப்பு.
அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கத்தான்
இந்த மனுவே.

செய்யதம்மாள் கைப்பையிலிருந்து
சந்தா நோட்டை எடுத்தாள்.
வீடு வீடாகப் பெயர்,
செலுத்தாதவர்களுக்குச் சிவப்புச் சுழி.
'இதுல எண்ணுங்க.'
எண்ணினோம். இரண்டு முறை தப்பி
மூன்றாவதில் ஒத்துவந்தது.
'உங்க கம்ப்யூட்டர் எந்த வருசத்துக் கணக்கு?'
'ரெண்டாயிரத்துப் பதினொன்று.'
'என் மகன் பதிமூணுல பிறந்தான்.
கருக்கல்ல டேங்கர் லாரிக்கு
குடம் தூக்கிட்டு ஓடுறது அவன்தான்.'

பதினோராவது கட்டத்தில் கையால் எழுதினேன்.
எண்ணைவிடப் பக்கத்தில் எழுதியது நீளம்:
எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்தக் கிராமம்,
அதற்குள் எந்தக் குடியிருப்பு,
யார் எண்ணியது, என்று எண்ணியது.
கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை போய்விட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவள்
வாசலில் நின்றாள்.
'அந்த இன்னொரு ஊர் நம்பர அழிச்சிட்டீங்கள்ல?'
'அழிச்சாச்சு.'
'நல்லது.
ஆறு இருந்தாலும்
அவங்களுக்கும் சித்திரை வரும்ல.'