அங்க அடையாளம்

பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
நோய்ட்கெதாக்ட்.
நோயில் தொடங்குகிற பெயரையா
ஒரு குதிரைச் சாதிக்கு வைப்பார்கள்?
"நினைத்தே பார்க்காதது என்று அர்த்தம்" என்றாள்
மரீட்டா ஃபூரி, சிகரெட்டை எடுக்காமலே.
பண்ணைக்கு எவனோ இட்ட பெயர்.
பண்ணையில் உருவானதால் குதிரைக்கும் அதுவே.

லாடம் அடிக்க வரச்சொல்லித் தந்தி வந்திருந்தது.
நியூகாசிலிலிருந்து எர்மெலோவுக்கு.
நேட்டால் எல்லை தாண்ட
என் போன்றவனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்;
மூன்று நாளுக்குக் கொடுத்தார்கள்.
இருபத்திரண்டு குதிரை, எண்பத்தெட்டுக் கால்.
கூலியை ரயிலிலேயே எண்ணி
பாதியைச் செலவும் செய்துவிட்டேன், மனசுக்குள்.

முதல் காலைத் தூக்கி மடியில் வைத்தேன்.
புளியங்கொட்டை நிறம். அதே வழவழப்பு.
கத்தியை வைத்தால் வழுக்குகிறது.
கல்லும் முள்ளும் மிதித்த குளம்பு,
ஒரு கீறல்?
இல்லை.
அடுத்த கால். அதற்கடுத்தது.
"இதுகளுக்கு லாடம் வேண்டாம், அம்மா."
பொய் சொல்ல வாய் வரவில்லை.
அந்த ஒரே வாக்கியத்தில்
எண்பத்தெட்டுக் காலும் ஓடிப்போயின.

அவளுக்கு ஒரே சந்தோஷம். காபி கொடுத்தாள்,
தகரக் குவளையில், சமையலறைப் படிக்கு வெளியே.
கதையும் சொன்னாள்:
ஜாவாவிலிருந்து கப்பலேறி வந்த மட்டக் குதிரைகள்
கேப்பில் அரபியோடும் பாரசீகத்தோடும் கலந்தன.
விலைக்குக் கொஞ்சம், கொள்ளையில் கொஞ்சம்
பசூட்டோ மலைக்குப் போய்ச் சேர்ந்தன.
அங்கே கொட்டகை கட்ட ஆளில்லை. பனி.
பாறை இடுக்கில் எட்டிப் பறித்தால்தான் புல்.
செத்தது செத்தது.
செத்துப்போகாதது குள்ளமாயிற்று,
நெஞ்சு அகன்றது, கால் இறுகிற்று.
அப்புறம் சண்டை.
வெள்ளைக்காரனும் போயரும்
இவற்றின் முதுகில் இருந்துகொண்டே சுட்டுக்கொண்டார்கள்.
யார் ஜெயித்தால் என்ன, குதிரைகள் தோற்றன.
ஐம்பதுகளில் தேடிப் புறப்பட்டபோது
நல்ல பெட்டைகள் கைவிரலுக்குள் அடங்கின.
அந்த விரல்களிலிருந்துதான் இத்தனையும்.

பதிவேட்டைத் திறந்து காட்டினாள்.
வயது ஆறு. உயரம் பதினான்கு கை.
நிறம் சாம்பல்.
அங்க அடையாளம்: நெற்றியில் ஒரு சுழி,
இடது முன்காலில் தழும்பு.
(சுழி கோணினால் எங்கள் ஆட்கள் குதிரையே வாங்கமாட்டார்கள்.
இவர்கள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.)

இந்தக் கட்டங்களை எனக்குத் தெரியும்.
அப்பாவின் டிரங்குப் பெட்டியில்
கரையான் ஒரு மூலை தின்ற நகல்:
வீரபத்திரன், மதராஸ் துறைமுகம்.
வயது பத்தொன்பது. உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.
அங்க அடையாளம்: இடது கெண்டைக்காலில் தழும்பு.
கரும்புக்கு எடுத்த ஆள்.
ஏட்டை எழுதியவன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவனோ?
ஒரு வித்தியாசம் மட்டும்.
குதிரைக்குத் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று
ஐந்து வரி.
வீரபத்திரனுக்குத் தாய் என்ற கட்டமே இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன்.
அந்தச் சாம்பல்காரி பின்னால் வந்ததைக் கவனிக்கவில்லை.
கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த ஜாதி.
மனுஷனை ஒட்டியே நிற்கும், உதட்டால்
பைக்குள் மீலி இருக்கிறதா என்று துழாவும்.
மீலி இல்லை.
மடித்த காகிதம் ஒன்று இருந்தது.
முத்திரை, கையெழுத்து, மூன்று நாள் எல்லாம் சேர்த்து
நிதானமாக
மென்று விழுங்கிற்று.
நினைத்தே பார்க்கவில்லை.

ஃபோல்க்ஸ்ரஸ்ட்டில் ரயிலை நிறுத்திக் கேட்டார்கள்.
"குதிரை தின்றுவிட்டது ஐயா."
"எந்தக் குதிரை?"
பெயரைச் சொன்னேன். எழுதினான்.
"நிறம்?"
"சாம்பல்."
"அங்க அடையாளம்?"
"அதற்கா, எனக்கா?"

அவன் சிரிக்கவில்லை.
மை வரவில்லை போலும்;
பேனாவை என் சட்டைப் பக்கம் ஒருமுறை உதறினான்.