முப்பத்தாறு யார்

பாங்க்ரொஃப்ட் மருந்துக்கடையில்
ஐந்தைந்தாய் மாத்திரை எண்ணுவது என் வேலை.
நீலத் தட்டில் தட்டைக் கத்தி தள்ளத் தள்ள
ஐந்து, பத்து, பதினைந்து என்று
குப்பிக்குள் விழும்.
அந்தப் பழக்கத்தில்தான்
வில்லுக்கும் ஐந்து ஊசிக் குறிகாட்டி கேட்டேன்.

இருபதுக்குப் பச்சை, முப்பதுக்குச் சிவப்பு,
நாற்பதுக்கு மஞ்சள்,
ஐம்பதும் அறுபதும் மறுபடி பச்சை, சிவப்பு.
சின்ன வளையத்துக்குள் ஒன்றின்கீழ் ஒன்றாய்
கடுகளவு வெளிச்சங்கள்.
"தூரம் மாறினால் எதையும் திருகவேண்டாம்,
ஊசியை மாற்று, அவ்வளவுதான்" என்றான் டேரில்.
பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில்
ஒற்றை ஊசி, ஓரத்தில் ஒரு சக்கரம்.
"அதற்கு நேரம் வேண்டும்.
மான் நேரம் தராது."

தூரத்தை இங்கே யாரில் அளக்கிறார்கள்.
இருபது யார். முப்பது யார்.
துணிக்கடையில் கேட்டுப் பழகிய சொல்தான்.
காட்டில் மட்டும் ஏனோ
ஒவ்வொரு தடவையும் கேள்வியாகவே கேட்கிறது.

அக்டோபர் நடு. மாலை ஆறு முப்பத்தைந்து.
மரத்தில் கட்டிய இருக்கையில்
மூன்றாவது மணிநேரம்.
பிணையொன்று ஓடையைத் தாண்டி
ஒரு காலை மட்டும் உதறியது,
ஈரம் பிடிக்காத வீட்டுப் பூனைபோல.
தூரமானி இருபத்தெட்டு என்றது.
சிவப்பு, சிவப்பு என்று உதட்டுக்குள் சொல்லியபடி
நாணை இழுத்தேன்.
அந்தியோ சிவப்பையும் மஞ்சளையும்
ஒரே தணலாக்கி வைத்திருந்தது.
மஞ்சளில் விட்டேன்.

அம்பு உயர்ந்துபோய் முதுகைக் கிழித்தது.
மண்ணில் குத்தி நின்ற அம்பில்
கொஞ்சம் கொழுப்பு, சாம்பல் மயிர்.
பன்னச் செடியில் நான்கு துளி.
அதன்பிறகு மேப்பிள் இலைகள்,
தரை முழுக்க, சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு.
டேரில் எச்சில் தொட்ட விரலால்
ஒவ்வொன்றாய்த் தேய்த்துப் பார்த்தான்.
ஒட்டினால் ரத்தம். ஒட்டாவிட்டால் இலை.
பதினொரு மணிவரை
இலை, இலை, இலை.

பிழைத்துவிடும் என்றான் டேரில், அவன் பாஷையில்.
பிழைத்தவள் நான்.
அதே வினைச்சொல்
அதற்கும் உதவட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒற்றை ஊசியைப் பூட்டினேன்.
கழற்றியதைத் திரும்ப எடுக்கமாட்டானாம்.
ஐந்து ஊசியும் இப்போது சமையலறை லாச்சியில்,
பழைய பாட்டரிகளோடும் ரப்பர் வளையங்களோடும்.
"ரெண்டும் மானைக் கொல்லத்தானே?"
என்று கேட்டார் தயாபரன், வெங்காயம் உரித்தபடி.
"ஓம்" என்றேன்.
வேறென்ன சொல்ல.

நவம்பர், முதல் பனி.
ஊசி இருபத்தைந்தில் நிற்கிறது.
சீடர் மரங்களுக்கு இடையிலிருந்து
சத்தமில்லாமல் ஒரு மான்.
முப்பத்தாறு யார்.
அங்கே நிற்பது யார் என்று
தூரமானிக்குத் தெரியாது.

பெருவிரலால் சக்கரத்தை உருட்டினேன்.
முப்பத்தாறுக்கு வந்தபோது
அது நாற்பத்தொன்றில் நின்றது.
நாற்பத்தொன்றுக்கு உருட்டி, இழுத்து,
கன்னத்தில் நாண் படியப் பார்த்தேன்.
குறுக்கே பச்சையில்லை, மஞ்சளில்லை.
ஒரே ஒரு புள்ளியும்
அதைச் சுற்றி முழு மானும்.
நடுங்கும் விலா. ஆவி விடும் மூக்கு.
முதுகில் ஒரு கோடு,
தழும்போ, ஒட்டிய பனியோ.

இருபத்தைந்து கிலோ கையில் நடுங்கும்வரை
பிடித்திருந்தேன்.
அது பார்த்தது. பிறகு மேய்ந்தது.
பிறகு, யாரும் கூப்பிட்டதுபோல இல்லை,
தானாகவே போனது.
நாணை மெல்லத் தளர்த்தினேன்.
இன்னும் தெரியாது எனக்கு,
சக்கரம் தாமதித்ததா, நானா.

திங்கட்கிழமை.
திருமதி கோவல்ஸ்கிக்கு
ரத்த அழுத்த மாத்திரை தொண்ணூறு.
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பின்னால் நின்றவன் இருமினான்.
நாற்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.