செயப்பாட்டு வினை

வியாழன் மாலை வகுப்பில்
ஆளுக்கொரு நாடு கொடுத்தார்கள்.
பொதுக்கொள்கை, இரண்டாம் பருவம், எட்டாவது வாரம்.
பழைய பிஸ்கட் டின்னில் கைவிட்டு
மடித்த சீட்டை எடுக்க வேண்டும்.
ஊய் கிம் லெங்குக்கு எண்ணெய் வந்தது.
சுங்கத்தில் வேலை பார்க்கும் ரோஸ்னானிக்கு
நிலக்கரியும் நூறு கோடி மக்களும்.
எனக்கு ஒரு தீவுக்கூட்டம்:
சராசரி உயரம் இரண்டு மீட்டர்,
ஏற்றுமதி கொப்பரையும் சூரை மீனும்,
பேச நேரம் மூன்று நிமிடம்.

ஆறரைக்குத் தொடங்கினோம்.
குளிர்சாதனம் பதினெட்டில் நின்றது.
அதைத் தணிக்கச் சொல்லி
எந்த நாடும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

முதல் வரைவில் ‘குறைப்போம்’ என்றிருந்தது.
எண்ணெய் நாடு பேனாவைத் திறந்தது:
‘குறைக்க முயல்வோம்.’
நிலக்கரி நாடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது:
‘இயன்றவரை குறைக்க முயல்வோம்.’
எட்டு மணிக்கு,
‘இயன்றவரை குறைக்க முயல்வதன் தேவை
உணரப்பட்டது.’
கைதட்டினார்கள்.
என் தீவும் கையெழுத்துப் போட்டது.
போடாவிட்டால் நிதி இல்லையென்று
ஆறாம் அடிக்குறிப்பில் இருந்தது.

உணர்ந்தது யார் என்று கேட்க
இன்னும் நாற்பது விநாடி மிச்சமிருந்தது.
கேட்டிருப்பேன்.
கைப்பேசி அதிர்ந்தது.

பகலில் நான் வடிகால் பிரிவில் உதவிப் பொறியாளர்.
ஜெலுத்தோங்குக்குப் பின்னால், பட்டறைகள் முடிகிற இடத்தில்,
கடல் ஏறும்போது மூடி
இறங்கும்போது திறக்கிற ஒரு மதகு
என் பொறுப்பில் இருக்கிறது.
பாக்கியநாதன் குரல்:
“மேடம், கதவு பாதியில நிக்குது.
அடியில என்னமோ மாட்டியிருக்கு.
தண்ணி ஒம்பது நாப்பதுக்கு உச்சம்.”

தீவுக்கூட்டத்தை நாற்காலியில் விட்டுவிட்டு
மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.
ஆயர் ஈத்தாம் பக்கம் மலைமேல் மின்னல்.
மலையிலிருந்து வருவதும் கடலிலிருந்து வருவதும்
சந்திக்கிற இடத்தில்தான்
எந்த ஊரிலும் வாடகை குறைவு.

அது ஒரு மெத்தை.
இரட்டைக் கட்டில் அளவு, பூப்போட்ட உறை,
மூலையில் உத்தரவாதச் சீட்டுகூட கிழியாமல்.
பாக்கியநாதன் சட்டையைக் கழற்றி மடித்து
என் ஹெல்மெட்டுக்குள் வைத்தார்.
கழுத்தளவுத் தண்ணீரில் நின்று
ஒரே கெட்டவார்த்தையை மூன்று மொழிகளில் சொன்னார்.
யாரும் திருத்தம் கேட்கவில்லை.
பட்டறையிலிருந்து இரண்டு பையன்கள்
வங்காளத்தில் கத்திக்கொண்டே கயிறோடு ஓடி வந்தார்கள்.
ஒருவன் பெயர் ஷஹீதுல்.
ஊர் எது என்றதற்கு
ஆறு தின்றுவிட்டது என்றான், மலாயில்,
பஸ் போய்விட்டது என்பதுபோல.
அவன் எந்த டின்னிலும் கைவிட்டு எடுத்ததில்லை அதை.

இழுத்தோம். நானும்தான்.
வகுப்புக்குப் போட்டுப்போன செருப்பில் ஒன்று போயிற்று.
ஒன்பது இருபத்தெட்டுக்குக் கதவு இறங்கியது.

காலையில் அறிக்கை எழுதினேன்.
‘பாக்கியநாதன் மெத்தையை எடுத்தார்.
ஷஹீதுலும் இன்னொருவரும் கயிறு பிடித்தார்கள்.’
மேலதிகாரி அடித்துத் திருத்தினார்:
‘அடைப்பு அகற்றப்பட்டது.’
கோபம் வந்தது எனக்கு.
கிம் லெங்கின் பேனா ஞாபகம் வந்தது.
அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்:
“அந்தப் பையன்கிட்ட பெர்மிட் இருக்கா?
தெரியாதில்ல?
அப்ப கோப்புல பேரை ஏத்தாத.”

எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குள்
ஒளிந்துகொள்வது அரசுகள் மட்டும்தான்
என்று நினைத்திருந்தேன்.
கயிறு பிடித்தவனுக்கும்
அதற்குள் கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது.
பாக்கியநாதன் பெயரையாவது விடுங்கள் என்றேன்.
பார்க்கலாம் என்றார்.

இறுதிக் கட்டுரைக்குத் தலைப்புத் தரவேண்டும், வியாழனுக்குள்.
‘மதகு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.
மெத்தை கரையில் சாய்ந்து காய்கிறது.
நேற்று யாரோ அதன்மேல் உட்கார்ந்து
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.
அள்ளிப்போக லோரி அனுப்பப்படும்
என்று தெரிவிக்கப்பட்டிருக்கிறது.
அமாவாசைக்கு ஒன்பது நாள்.