மிக வெளிர்பச்சை

பிளிமத்தில் மழை படுக்கைவாட்டில் பெய்யும்.
குடை விரித்தவர் ஊருக்குப் புதியவர்.
கோட்டை மதிலோரம் நனைந்தபடி ஏறி
அட்டையைத் தேய்த்து
ஃபார்மலின் வாடைக்குள் நுழைகிறேன்.

பெட்டியில் காத்திருக்கிறது பட்டு.
ஏப்ரலில் ரெய்க்யவிக் போன சரக்குக் கப்பல்
வாலில் கட்டி இழுத்துக்கொண்டு போன சல்லடைப் பட்டு.
பத்துக் கடல்மைலுக்கு ஒரு துண்டு,
ஒரு சாண்கூட வராது.
பட்டோடுதான் வேலை என்று சொன்ன நாளில்
அக்கா ஃபோனில் கேட்டாள்,
என்ன கலர்?
மிக வெளிர்பச்சை, என்றேன்.
உனக்கு எடுக்காதே, என்றாள்.

வண்ண அட்டையில் இருப்பவை நான்கே கட்டங்கள்.
நிறமில்லை. மிக வெளிர்பச்சை. வெளிர்பச்சை. பச்சை.
உலகம் விடும் மூச்சில் பாதியை
இந்த நான்கில் ஒன்றில் அடைக்கவேண்டும்.
மொர்வென்னா சன்னலோரம் வைத்துப் பார்ப்பாள்,
நான் விளக்கடியில்.
ஒத்துவராவிட்டால் டீ போடுவோம்.

அப்புறம் நுண்ணோக்கி.
நொய்யரிசி அளவில் துடுப்புக்காலிகள்,
வயிற்றில் நீளமாய் ஓர் எண்ணெய்ப் பை.
வெளிச்சம் உள்ளவரை பாசி மேய்ந்து
சேர்த்ததை மடியில் கட்டிக்கொண்டு
குளிருக்கு ஆயிரம் மீட்டர் இறங்கி
உறங்கப் போகிற சாதி.
உறக்கத்தில் சிறுகச் சிறுக அதை எரிக்கும்.
எரிந்த கரி அங்கேயே இருட்டில் தங்கிவிடும்,
நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலம்வரை.
மொர்வென்னாவின் டீசல் கார்,
நான் சென்னைக்குப் போய்வந்த விமானம்,
இந்தக் கட்டடத்துக் கொதிகலன்,
எல்லாவற்றின் புகையிலும் ஒரு சிட்டிகை
இந்த மடியில் போயிருக்கிறது.
நான் செய்வதெல்லாம்
ஊசியால் புரட்டிப் போட்டு
ஐந்தாம் காலின் உள்விளிம்பைப் பார்ப்பது.
நேராக இருந்தால் வடக்கத்திக்காரி.
வளைந்திருந்தால் தெற்கத்திக்காரி, மடி சிறியவள்.
பழைய ஏடுகளைப் புரட்டினால்
வளைவு வருஷாவருஷம் வடக்கே ஏறுகிறது.

கொதிகலன் பார்க்க வந்த லெஸ்டர் கேட்டார்:
எங்கோ உச்சியில் பனி உருகினால்
இந்தப் பூச்சிகளுக்கு என்ன?
உருகின தண்ணீர் லேசு, என்றேன்.
உப்புத் தண்ணீர்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும்.
மேலே வெயில், கீழே சோறு,
நடுவில் மூடி.
லெஸ்டர் ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தார்.
இங்கேயும் அதேதான், என்றார்,
சூடு இருக்கு, ஏறமாட்டேங்குது.

நாற்பத்தோராம் துண்டில்
கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஒற்றைச் செல்.
பசிபிக்கில் பிறக்கிற இனம்.
எட்டு லட்சம் வருஷமாக
இந்தப் பக்கம் தலை காட்டாதது.
தொண்ணூற்றொன்பதில் லாப்ரடார் ஓரம் முதலில் கண்டார்கள்,
கனடாவின் தலைமேல் வழி திறந்ததும்.
அந்த வாசலில் பனிதான் விசா அதிகாரி.
வேலையை விட்டுப் போய்விட்டார் போல.
எனக்குக் க்ராய்டனில் ஏழு மாதம் இழுத்தார்கள்,
கைரேகை இரண்டு தடவை.
இதற்கு ரேகையே உடம்பு. கண்ணாடியில் வரிவரியாக
ஒருவரும் கேட்காமலே காட்டிக்கொண்டு கிடக்கிறது.
எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது. குளிர்தான் என்று
மொர்வென்னாவிடம் சொன்னேன்.

இந்த ஏட்டில் ஒரு விதி உண்டு.
தேடிக் காணாவிட்டால் பூஜ்யம்.
தேடவே இல்லையென்றால் வெற்றிடம்.
இரண்டையும் குழப்புகிறவருக்கு இங்கே வேலையில்லை.
ஒரு பக்கம் முழுக்கப் பூஜ்யம் போட்ட சாயங்காலம்
பேருந்தில் யாரோடும் பேச வாய் வராது.

நாற்பத்திரண்டாம் துண்டைப் பிரித்து வைத்திருக்கிறோம்.
மொர்வென்னா சொல்கிறாள், நிறமில்லை.
நான் சொல்கிறேன், மிக வெளிர்பச்சை.
அவள் சன்னலுக்குப் போய் வருகிறாள்.
நான் விளக்கை நகர்த்துகிறேன்.
டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.
மழை விட்டால் வெளிச்சம் மாறும்,
மறுபடி பார்க்கலாம் என்று
பென்சிலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.