கண்ட்ரோல் தட்டு

கோவிலூர் தாண்டி, ரயில் பாதை ஓரம்,
செம்மண் சரளையில்
யாரும் நடாமல் பூத்திருந்தது ஆவாரை.
இரண்டு கிலோ பறித்தோம், நானும் செபஸ்தியும்.
ஒரு கிளையை மட்டும் செய்தித்தாளில் அழுத்தி
எண் போட்டு, நாள் போட்டு,
'பறித்தவர்' என்ற இடத்தில்
உமையாள் என்று எழுதினேன்.
செடிக்கு லத்தீனில் ஒரு பெயர் இருந்தது.
சொல்லிப் பார்த்தேன்,
அது திரும்பவில்லை.

பதினெட்டு நாள் நிழலில் காயவைத்து,
மிக்ஸியில் அரைத்து,
காகித உறையில் அடைத்து
சாக்ஸ்லெட்டில் ஏற்றினேன்.
எத்தனால் ஏறும், குளிரும், சொட்டும்,
நிறைந்ததும் சட்டென்று சரியும்,
மறுபடி ஏறும்.
முதல் சுற்றில் பொன். ஆறாவதில் பித்தளை.
இருபதாவதில் நிறமே இல்லை.

அதைக் குளிர்விப்பது சம்பை ஊற்றுத் தண்ணீர்.
ஊரே குடத்தோடு தேடிப் போகும் ருசி
என் கண்ணாடிக் குழாயைச் சுற்றிவிட்டு
மூன்று நாள் சாக்கடைக்குப் போனது.
நாலாம் நாள் ஒரு வாளியும்
மீன்தொட்டி மோட்டாரும் வாங்கி
அதே தண்ணீரைச் சுற்றவிட்டேன்.
நானூற்று எழுபது ரூபாய். பில் பாஸாகவில்லை.

வெளியே நாற்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
காரைக்குடியில் அந்த வாரம்
சுகமாய் இருந்தவை
என் பாக்டீரியாக்கள் மட்டும்தான்.

காலையில் தட்டைத் திறந்தால்
ஆவாரைச் சாற்றில் நனைத்த வட்டைச் சுற்றி
நிலா கோட்டை கட்டியதுபோல் ஒரு தெளிவு.
பதினான்கு மில்லிமீட்டர்.
ஸ்கேலை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
செபஸ்தி படம் பிடித்து
அதற்குள் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள்.
உதவியாளர் வைரவன் எட்டிப் பார்த்தார்.
பதினோரு வருடச் சர்க்கரை,
பெருவிரலில் ஆறாத புண்.
"ஆவாரம்பூவா?
அப்ப நான் குடிக்கிற கஷாயம் சரிதான்" என்று
கண்ணாடிக் குடுவைகளைக் கழுவப் போனார்,
விசிலடித்துக்கொண்டு.

ஒரு தட்டு பாக்கி இருந்தது.
செடியே இல்லாமல்
வெறும் எத்தனால் தொட்ட வட்டு.
எதுவும் நடக்கக் கூடாது,
அதுதான் அதன் வேலை.
மூடியைத் தூக்கினேன்.

பதினான்கு மில்லிமீட்டர்.

வெள்ளிக்கிழமை, தேவகோட்டை கடைசி பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில்
வட்டுகள் காயக் காத்திருக்கவில்லை நான்.
கொன்றது எத்தனால்.
கொன்றது வெள்ளிக்கிழமை.

மறுபடி தொடங்கினேன்.
பன்னிரண்டு தட்டுகள்.
ஒவ்வொரு வட்டும் எலும்பாய்க் காயும்வரை
பக்கத்திலேயே நின்றேன்.
காலையில் பன்னிரண்டிலும்
பாலேடு படிந்ததுபோல்
விளிம்புவரை வளர்ந்திருந்தன.

ஆவாரை பூத்திருக்கச்
சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள்.
காணவில்லை ஐயா.
ஒரு கிருமிகூடச் சாகவில்லை.
முகக்கவசத்துக்குள்
தனியாகச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது பிற்பகலில்.
வைரவன் சுவரைப் பிடித்து நடந்து வந்தார்.
"தலை சுத்துதும்மா."
"மாத்திரை?"
"நிறுத்தி அஞ்சு நாளாச்சு.
நீங்கதானே ஸ்கேல் வச்சுக் காட்டுனீக."

நான் காட்டியது புண்ணின் கிருமி,
சர்க்கரை அல்ல.
நான் கரைத்தது எத்தனாலில்,
அவர் கொதிக்கவைப்பது தண்ணீரில்.
இதையெல்லாம் ஸ்கூட்டியில்
அரசு மருத்துவமனை போகும் வழி முழுக்க
பின்னால் திரும்பித் திரும்பிச் சொன்னேன்.
காற்றில் எவ்வளவு அவருக்குக் கேட்டதோ.

இரவு நோட்டில் எழுதினேன்:
தட்டு ஒன்று முதல் பன்னிரண்டு, விளைவு இல்லை.
அதற்குக் கீழே
எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாமல்:
வைரவன், பிற்பகல், முந்நூற்று எழுபத்திரண்டு.
அடிக்கவில்லை அந்த வரியை.

திங்கள்: தண்ணீர்ச் சாறு.
கண்ட்ரோலை முதலில் திறக்கவும்.